துண்டுக்குள் பேசி முடித்த கார்

என்னுடைய காரின் விலையைப் பேசி முடித்தபோது நான் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டடி தூரம்கூட இருக்காது. பணம் கொடுக்கப் போகிறவள் நான். ஓட்டப் போகிறவள் நான். எங்கள் வீட்டில் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பதும் நான் மட்டும்தான். ஆனால் விலை பேசியது என் கணவரின் வலது கை. அதுவும் ஒரு துண்டுக்கு அடியில். என்ன விலைக்குப் பேசி முடித்தோம் என்பது அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலை சூடாகிறது.

துண்டைப் போட்டு அந்தக் கையைப் பிடித்த தரகர் முன்பு மேலப்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர். மாட்டு வியாபாரம் குறைந்ததும் பழைய டிராக்டர், பழைய ஜீப்பு, பழைய கார் என்று மாறிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டு மட்டும் மாறவில்லை. சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியக் கூடாதென்று இரண்டு பேரின் கை மேலும் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, பாதி விரலைப் பிடித்தால் அரை, கையை இறுக்கி அமுக்கினால் சம்மதம். மாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் பேச்சு நடந்த கார் கொட்டகையில் எங்களைத் தவிர இருந்தது ஒரு பூனையும் அதன் நான்கு குட்டிகளும்தான். அந்தப் பூனைக்குத் தெரிந்தால் என்ன ஆகிவிடும்?

முதலிலிருந்து சொல்கிறேன். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் முப்பத்து மூன்று வருஷம் இருந்து ஓய்வு பெற்றேன். சின்ன வயதில் எங்கள் தெருவழியாகத் தினமும் காலையில் ஒரு வெளிர்நீலக் கார் போகும். ஹெரால்டு என்று பெயர். இரண்டே கதவு. பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் கவிழ்ந்து திறக்கும். அதை ஓட்டி வருவது பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா. ஐந்தடிக்கும் குறைவான உயரம். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிவைத்து, ஸ்டியரிங்கை நெஞ்சருகே பிடித்துக்கொண்டு ஓட்டுவார். பின்னாலிருந்து பார்த்தால் தலையே தெரியாது. டீக்கடையில் நிற்பவர்கள், "ஏலே, ஆளில்லாம ஒரு வண்டி போகுது பாருலே" என்று சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களின் பிள்ளைகளில் பாதிப் பேரை உலகத்துக்குக் கொண்டுவந்தது அந்த ஆளில்லாத வண்டியில் வந்த ஆள்தான். என் தம்பியும் அவர் கையில் பிறந்தவன்தான்.

ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டுவதை நான் முதன்முதலில் பார்த்தது அதில்தான். அதன்பிறகு எனக்கு ஒரே ஆசை. நாற்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஐம்பதை நெருங்கும்போதுதான் சம்பளத்தில் கடன் வாங்கி ஒரு சின்னக் கார் வாங்கினேன். அந்தக் கார் என் கணவர் பெயரில் இருக்கிறது. கடையில் அவரிடம்தான் படிவத்தை நீட்டினார்கள். அவரும் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். "யாரு பேர்ல இருந்தா என்ன?" என்று கேட்டார். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். பத்து வருஷமாக அதை ஓட்டுவது நான், பெட்ரோல் போடுவது நான், பஞ்சர் ஒட்டக் கொண்டுபோவது நான். சென்னையிலிருக்கும் என் மகன் போனில் என்ன கேட்பான் தெரியுமா? "அப்பா கார் எப்படிம்மா இருக்கு?"

பெற்ற பிள்ளையே அப்படிக் கேட்கிறான். அந்தத் தவற்றை ஒருமுறை செய்தாயிற்று, இன்னொரு தடவை கிடையாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

ஓய்வு பெற்றபோது கையில் கொஞ்சம் பணம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மாவின் கார் இன்னும் அவர் வீட்டுக் கொட்டகையிலேயே கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். அவர் தொழிலை நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, காலமாகியும் சில வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் இருப்பது அவருடைய மகன். பெரிய அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஆறடி உயரம், மரியாதையான மனிதர். மரியாதையெல்லாம் என் கணவருக்கு.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றார். அவருக்கு மட்டும் நாற்காலி வந்தது. என்னைப் பார்த்து, "உள்ள வீட்டுல ஆளு இருக்கா, பேசிக்கிட்டு இருங்க" என்றார். நான் கார் பார்க்க வந்தேன் என்று சொன்னேன். "பாக்கலாம், பாக்கலாம். அண்ணாச்சி காப்பி குடிக்கட்டும்" என்றார்.

கூடத்துச் சுவரில் மாலை போட்ட பெரிய படம் ஒன்று இருந்தது. அவருடைய அப்பா அந்த நீலக் காரின் பக்கத்தில் ஒரு கையை அதன் கூரைமேல் வைத்து நிற்கிறார். கார் அவர் மார்புக்குத்தான் வருகிறது. பக்கத்தில் டாக்டரம்மாவின் படம், பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியது போல, முகம் மட்டும். மகன் அப்பா படத்தைக் காட்டி, "அப்பா வண்டி. உசுரா வச்சிருந்தாவ. அவுக போனபெறகு அதத் தொடவே மனசு வரல அண்ணாச்சி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "டாக்டரம்மா ஓட்டிப் பாத்திருக்கேனே நான். தினமும் பாத்திருக்கேன்" என்றேன்.

"அம்மாவா? அவ சும்மா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வருவா" என்றார்.

சும்மா ஆஸ்பத்திரிக்கு. அகாலத்தில் கூப்பிட்டால்கூட சேரன்மகாதேவி வரைக்கும் போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு வந்த பெண்ணை ஒற்றை வார்த்தையில் அப்படி ஓரமாகத் தள்ளிவிட்டார். அப்போதே எழுந்து வந்திருப்பேன். கார் வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கொட்டகையைத் திறந்தார்கள். தொடவே மனசு வராத அந்தக் காரின் மேல் நான்கு சிமெண்டு மூட்டை, ஒரு உடைந்த கட்டில், தேங்காய்க் குவியல். பின்சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. டயர் நான்கும் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தன. உசிராக வைத்திருந்த வண்டியாம். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

தரகரை ஏற்பாடு செய்தது மகன்தான். ஒரு லட்சத்துக்கு மேல் பேசக் கூடாதென்று வரும் வழியிலேயே கணவரிடம் சொல்லி வைத்திருந்தேன். பேசப்போவது நான்தான் என்றும் சொல்லியிருந்தேன். நான் வாயைத் திறந்து, "அப்போ விலை..." என்று தொடங்கியதும் தரகர் துண்டை உதறினார். என் கணவரின் கையைப் பிடித்தார். துண்டைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காத மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவரும் மரியாதைக்குக் கூரையைப் பார்த்தார். பிறகு தரகர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மகன் பக்கம் திரும்பி, "முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றார்.

"என்ன முடிஞ்சிட்டு?" என்றேன்.

"ஒன்னரை, மைனி. அண்ணாச்சி நல்லா அமுக்கிட்டாவ."

என் கணவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துவிட்டது. வாழ்க்கையில் மாட்டுச் சந்தைப் பக்கம் போகாத மனிதர். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர். "கையப் புடிச்சாரு. அன்பாப் புடிக்கிறாருன்னு நெனச்சேன். நானும் பதிலுக்கு நல்லாப் புடிச்சேன்" என்றார்.

அவ்வளவுதான். அன்பின் விலை ஐம்பதாயிரம்.

"வாய் எதுக்கு இருக்கு? என்கிட்டக் கேக்கக் கூடாதா?" என்று தரகரிடம் சத்தம் போட்டேன்.

அவர் நிஜமாகவே திகைத்துப் போனார். "நீங்க பொம்பளையாளு. ஒங்க கையப் புடிச்சு நா எப்படிப் பேச முடியும் மைனி? தப்பாயிரும்லா?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. துண்டு இல்லாமலும் விலை பேசலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. என்னை அவமதிக்க வேண்டும் என்று நினைத்து அவமதித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவருடைய கணக்கில் நான் அங்கே இல்லவே இல்லை.

கொடுத்த வாக்கை மீறக் கூடாது என்று என் கணவர் பிடிவாதம் பிடித்தார். அமுக்கியது தெரியாமல் அமுக்கியதுதான் என்றாலும் அமுக்கியது அமுக்கியதுதானாம். இந்த விஷயத்தில் மட்டும் அவருக்கு எங்கிருந்தோ ஒரு உறுதி வந்துவிட்டது. சரி, ஐம்பதாயிரம் போனது போகட்டும், கார் என் பெயருக்கு வந்தால் போதும் என்று தண்ணீரைக் குடித்து அடக்கிக்கொண்டேன்.

மகன் உள்ளே போய்ப் பழைய ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதை என் கணவரிடம் நீட்டினார். நான் எட்டி வாங்கிக்கொண்டேன். அந்தப் புத்தகத்தில் டாக்டரம்மாவின் பெயரைப் பார்க்க வேண்டும், அதற்கு அடுத்து என் பெயர் வர வேண்டும். இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு லட்சமோ ஒன்றரையோ, அதற்காகத்தான் கொடுக்கிறேன். அட்டையைத் திறந்தேன். பழுப்பேறின தாளில் ஒரே ஒரு பெயர். அவருடைய கணவர் பெயர்.

மறுபடியும் புரட்டினேன். எல்லாப் பக்கமும் பார்த்தேன். எங்குமே டாக்டரம்மா இல்லை.

"வாங்கினது யாரு பணத்துல?" என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான். கேட்டுவிட்டேன்.

மகன் சிரித்தார். "அம்மா சம்பாத்தியந்தான். ஆனா வீட்டுல எல்லாம் அப்பா பேர்லதான் இருக்கும். அவளுக்கு இந்தக் காகிதம்லாம் ஒண்ணும் தெரியாது" என்றார்.

மருத்துவப் படிப்பு படித்த பெண்ணுக்கு இந்தக் காகிதம் தெரியாதாம். எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் மட்டும் கோபம் இல்லை. டாக்டரம்மாமேலும் இருந்தது. நீங்களுமா விட்டுவிட்டீர்கள் என்று இருந்தது. அதைவிட என்மேல் இருந்தது. என் வீட்டு வாசலில் நிற்கிற சின்னக் காரின் காகிதத்திலும் நான் இல்லையே. நான் போனபிறகு யாராவது வந்து கேட்டால், என் மகனும் "அப்பா வண்டி. அம்மா சும்மா கடைக்குப் போய்ட்டு வருவா" என்றுதானே சொல்லப் போகிறான்?

இதற்குள் தரகர் சாவகாசமாகப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வாங்குபவர் பெயர் என்ற இடத்தில் என் கணவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி முடித்திருந்தார்.

"அத அடிங்க. என் பேரை எழுதுங்க."

"மைனி, ஒரே வீடுதான? அண்ணாச்சி பேர்ல இருந்தா ஆபீஸு, போலீஸுன்னு அலையதுக்கு லேசா இருக்கும்."

என் கணவர் மெதுவாக, "யாரு பேர்ல இருந்தா என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லைல்லா? அப்போ என் பேர்லயே இருக்கட்டும்" என்றேன். கைப்பையின் ஜிப்பை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இழுத்து மூடினேன். மூன்று ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கும் ஒரு துண்டு போடுவார்களோ என்று நினைத்தேன். போடவில்லை. மறுநாள் புதுப் படிவம் வந்தது. ஒவ்வொரு கட்டத்தையும் நானே நிரப்பினேன். வரைபடம் போட்ட கை, எழுத்து நன்றாகவே விழுந்தது.

காரை ஒரு சின்ன லாரியில் ஏற்றி வண்ணார்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுவந்தோம். பூனையையும் குட்டிகளையும் டாக்டரம்மா வீட்டிலேயே விட்டுவிட்டோம். மெக்கானிக் நல்ல வேலைக்காரர். முன்பக்கத்தைக் கவிழ்த்துத் திறந்து பார்த்து, இஞ்சின் பிடித்துப்போய்விட்டது, பிரேக், வயர், ரப்பர் எல்லாம் மாற்ற வேண்டும், பொறுமை இருந்தால் செய்யலாம் என்றார். பிறகு ஓட்டுநர் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"சீட்டு தண்டவாளத்துலயே துருப்புடிச்சு ஒட்டிக்கிட்டு. ரொம்ப முன்னால ஒட்டிருக்கு. அண்ணாச்சிக்குக் காலு மடங்காதுலா. அறுத்து ரெண்டு தொளை பின்னால தள்ளி வச்சிருதேன்" என்றார். அண்ணாச்சி என்றது என் கணவரைத்தான், வேறு யாரை?

என் கணவர் ஏறிப் பார்த்தார். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டி நின்றன. ஒருவாறு கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அதன்பிறகு நான் ஏறினேன். நானும் டாக்டரம்மாவைப் போலக் குள்ளம்தான். கால் நேராகக் கிளட்சில் போய் உட்கார்ந்தது. கை ஸ்டியரிங்கில் விழுந்தது. ஒரு விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிளட்சு மிதிக்கும் இடத்தில் ரப்பர் தேய்ந்து நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. என் செருப்பின் முனை அதற்குள் சரியாக அடங்கியது.

அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. காகிதத்தில் யாருடைய பெயர் இருந்தால் என்ன, ஓட்டியது யார் என்று இந்த இரும்பு விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. முப்பத்து மூன்று வருஷம் அளவு எடுத்தவள் நான். இதைவிடச் சரியான அளவை நான் எந்த நிலத்திலும் பார்த்ததில்லை.

"சீட்டைத் தொடாதீங்க. துருவைச் சுரண்டி மருந்து அடிங்க, போதும். எடத்தை மாத்தக் கூடாது" என்றேன்.

"அப்ப அண்ணாச்சி எப்படி..."

"அண்ணாச்சி எடதுபக்கம் உக்காருவாங்க."

எட்டு மாதம் ஆனது. வாரிசுச் சான்று, பதிவைப் புதுப்பிப்பது, சோதனை என்று அலைந்தேன். ஒவ்வொரு மேஜையிலும் "சார் வரலியா?" என்று கேட்டார்கள். சார் வீட்டில் தூங்குகிறார் என்று ஒவ்வொரு மேஜையிலும் சொன்னேன். கடைசியில் என் பெயர் போட்ட அட்டை தபாலில் வந்தது. அன்றைக்கே பாபநாசம் வரைக்கும் ஓட்டிப் போனேன். கல்லிடைக்குறிச்சி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நின்றபோது அங்கிருந்தவர் இடதுபக்க ஜன்னலுக்குப் போய், "எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டார். என் கணவர் விரலால் என்னைக் காட்டினார். அந்த அளவுக்கு அவர் தேறிவிட்டார் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

போன மாதம் டாக்டரம்மாவின் மகன் போன் செய்தார். பெண்ணுக்குக் கல்யாணமாம். தாத்தாவுடைய வண்டியருகே ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு மறுபடியும் கோபம் ஏறியது. தேங்காய் கொட்டி வைத்திருந்த வண்டி, துடைத்து நிறுத்தியதும் தாத்தா வண்டி ஆகிவிட்டது. முடியாது என்று வாய்வரை வந்தது. அப்புறம் யோசித்து, "தாராளமா வாங்க" என்றேன்.

மூன்று பேர் வந்தார்கள். அவர், கல்யாணப் பெண், படம் பிடிக்கிறவர். காரின் முன்னால் நின்று எடுத்தார்கள். பக்கத்தில் நின்று எடுத்தார்கள். மகன், சுவரிலிருக்கும் அவர் அப்பா படத்தில் உள்ளதுபோலவே கூரைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதுவரை பொறுத்திருந்தேன்.

"ஸ்டியரிங்குல உக்காந்து ஒண்ணு எடுத்துக்கோங்களேன்" என்றேன். "உங்க அப்பா சீட்டுதான? ஒரு நூல்கூட அசைக்கல. எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

அவருக்கு ரொம்ப சந்தோஷம். கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். மறுகாலை வைக்க இடமில்லை. குனிந்து, உடம்பை மடக்கி, எப்படியோ உள்ளே போய்விட்டார். முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் தாடை வரைக்கும் வந்து நின்றன. தலை கூரையில் முட்டியது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. படம் பிடிக்கிறவர் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண்தான் கேட்டாள். "தாத்தா உங்கள மாதிரியே உயரம்தானப்பா? இதுல எப்படி உக்காந்து ஓட்டுனாங்க?"

அவர் குனிந்து கீழே, அந்தத் தேய்ந்த ரப்பரைப் பார்த்தார்.

"தாத்தாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது" என்றார். "ஆச்சிதான் ஓட்டுவா. என்னையப் பள்ளிக்கூடத்துல எறக்கிவிட்டுட்டு, தாத்தாவக் கோர்ட்டுல எறக்கிவிட்டுட்டு, அதுக்கப்பறந்தான் தனியா ஆஸ்பத்திரிக்குப் போவா. தாத்தா பின்சீட்டுல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு வருவாவ."

அப்படியென்றால் எல்லாம் தெரிந்திருக்கிறது. மறந்துபோய்ச் சொல்லவில்லை, தெரியாமல் சொல்லவில்லை. தினமும் அந்தக் காரில் உட்கார்ந்து போன பிள்ளை, எல்லாம் தெரிந்துகொண்டே அப்பா வண்டி என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பொய் சொன்னதாகக்கூட அவருக்குத் தோன்றியிருக்காது. நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது.

"சார், இப்படியே எடுத்துரவா?" என்றார் படம் பிடிக்கிறவர்.

"வேண்டாம், வேண்டாம். எறங்கிக்கிடுதேன்" என்றார். கால்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து வெளியே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம், "நீ ஏறு. இது எங்க அம்மா சீட்டு" என்றார்.

இப்போது அது என் சீட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சரி என்று ஒரே ஒரு படத்துக்கு விட்டுக்கொடுத்தேன்.